ஏரிக் கப்பலும் கரையோர நடையும்: வாங்குமுன் சில கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுவிற்சர்லாந்தின் ஏரிகளில் கப்பலில் போய், கரையோரம் நடந்து, மாலையில் வீடு திரும்பும் ஒருநாள் உலாக்களைப் பற்றியவை. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சென்னையிலிருந்து என் மாமியார் 12 நாள்கள் எங்களோடு தங்க வருகிறார். சுவிஸ் ட்ராவல் பாஸ் வாங்கினால் கப்பல், ரயில் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார்கள். 15 நாள் பாஸ் எடுக்கலாமா? எனக்கும் ஒன்று எடுக்கலாமா?

பதில்: உங்கள் கேள்வியின் பிற்பகுதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்தப் பாஸ் சுவிற்சர்லாந்துக்கும் லீக்டன்ஸ்டைனுக்கும் வெளியே வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. இங்கே வதிவிட அனுமதியோடு இருக்கும் நீங்கள் அதை வாங்க முடியாது. ஹால்ப்டாக்ஸ் எனப்படும் அரைக்கட்டண அட்டை உங்களிடம் இல்லையென்றால் அதைத்தான் நீங்கள் வாங்க வேண்டும்.

மாமியாருக்கு 15 நாள் பாஸ் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்பு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் சின்னம்மாவுக்கு, ஒரு குறையும் வைக்கக் கூடாது என்ற ஆசையில், நான் எட்டு நாள் பாஸ் வாங்கினேன். அது தொடர்ந்து வரும் எட்டு நாள்களுக்கு மட்டுமே செல்லும் என்பதை நான் சரியாக நினைத்துப் பார்க்கவில்லை. முதல் இரண்டு நாள் பயணக் களைப்பிலும், அடுத்த இரண்டு நாள் மழையிலும், இன்னொரு நாள் உறவினர் வீட்டு விருந்திலும் கழிந்தன. எட்டு நாளுக்குப் பணம் கொடுத்து மூன்று நாள்தான் பயணம் செய்தோம். வீட்டில் தங்கும் விருந்தினர் நாள்தோறும் ஊர் சுற்றுவதில்லை என்பதால், அவர் எத்தனை நாள் உண்மையாகவே வெளியே போவார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அது மூன்று நான்கு நாள்தான் என்றால், ஒரு மாதத்துக்குள் நாள்களை நாமே தெரிவுசெய்யும் பாஸ் ஒன்று உண்டு. ஒரு மாதம் செல்லுபடியாகும் வெளிநாட்டவருக்கான அரைக்கட்டண அட்டையும் உண்டு. போக விரும்பும் இடங்களை எழுதி, மூன்று முறைகளிலும் கூட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: பிரியன்ஸ் ஏரிக்கரைக் கிராமமான இசெல்ட்வால்டில் ஒரு சிறு படகுத்துறையில் நின்று படமெடுக்க ஆளுக்கு 5 பிராங்க் கேட்டார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம்தான். கொரியத் தொலைக்காட்சித் தொடரொன்றில் அந்தத் துறை வந்த பிறகு சிறிய கிராமமொன்றால் தாங்க முடியாத கூட்டம் வந்தது. கட்டணம் வாசலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏரிக்கரைக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: நான் கணவரை இழந்தவள். என் அக்காவும் அவருடைய மகளும் இலங்கையிலிருந்து வந்திருந்தார்கள். தமிழ்க் குழுமமொன்றில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, 'சிறப்புப் படகுச் சுற்றுலா'வுக்கு ஆளுக்கு 160 பிராங்க் வீதம் மூன்று பேருக்கு 480 பிராங்க் கொடுத்தேன். அழைத்துச் சென்றவர் லுசேர்னில் எங்களை வழமையான கப்பலில் ஏற்றிவிட்டார். அக்காவிடமும் மகளிடமும் ஏற்கெனவே ட்ராவல் பாஸ் இருந்தது, என்னிடம் அரைக்கட்டண அட்டை இருந்தது. கப்பல் பணியாளர் அக்காவின் பாஸைப் பார்த்து, இதுவே போதும் என்று சொன்னபோதுதான் விளங்கியது. வெட்கத்தினால் யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: அம்மா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. வந்தவர்களுக்கு நல்ல நாளொன்றைக் கொடுக்க நினைத்தீர்கள். அந்த நல்லெண்ணத்தையும் நம் மொழியில் பேசுகிறார் என்ற நம்பிக்கையையும் ஒருவர் காசாக்கியிருக்கிறார்.

உங்கள் பணத்தைக் கேட்க வழி உண்டு. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, வேண்டுமென்றே ஏமாற்றப்பட்டுச் செய்த ஒப்பந்தம் ஏமாந்தவரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. ஏமாற்றத்தைக் கண்டறிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அதை மறுதரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதி, ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்றும் 480 பிராங்கைக் குறித்த திகதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டுப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டு இல்லையே என்று கலங்க வேண்டாம். ட்வின்ட் என்னும் கைபேசிச் செயலி மூலம் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், விளம்பரத்தின் படமும், குழுமத்தில் அவர் எழுதியவையும் சான்றுகளே. விளம்பரத்தை அவர் அழிக்குமுன் படமெடுத்து வையுங்கள். அவர் அசையாவிட்டால் அவர் வசிக்கும் இடத்துக்குரிய சமரச அதிகாரசபையை நாடலாம். 2000 பிராங்க் வரையான வழக்குகளில், நீங்கள் கேட்டுக்கொண்டால், அந்தச் சபையே தீர்ப்பும் வழங்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

இந்த விடயத்தில் எனக்கு நெடுநாள் ஆதங்கம் ஒன்று உண்டு, அதை இங்கே சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மட்டுமல்ல, இங்கே இருபது ஆண்டு வாழ்ந்தவர்களும் ஏரிக் கப்பலை ஓர் ஆடம்பரச் சுற்றுலாப் பொருளாகவே நினைக்கிறார்கள். அது பேருந்தைப் போன்ற பொதுப் போக்குவரத்து. லுசேர்ன் ஏரியிலும், ஜெனீவா ஏரியிலும், தூன், பிரியன்ஸ் ஏரிகளிலும் ஓடும் கப்பல்கள் ரயிலோடும் பேருந்தோடும் ஒரே நேர அட்டவணையில் இருக்கின்றன. தேசிய ரயில் நிறுவனத்தின் செயலியில் இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால், இடையில் கப்பல் இருந்தால் அதுவும் வரும். வழமையான சேவைகளில் அரைக்கட்டண அட்டைக்குப் பாதி விலை, ட்ராவல் பாஸுக்குத் தனிக்கட்டணம் இல்லை. முன்பதிவு வேண்டியதில்லை, வழிகாட்டி வேண்டியதில்லை, கரையில் பயணச்சீட்டு வாங்காதவர் கப்பலில் ஏறியும் வாங்கலாம். இவ்வளவு எளிய ஒன்றை எடுத்து, 'தனிப்பட்ட அனுபவம்' என்று பெயர் சூட்டி, மூன்று மடங்கு விலைக்கு விற்கும் இணையத்தளங்கள் பெருகியிருக்கின்றன. விலைக்குள் என்ன அடங்கும், எந்தக் கப்பல், எந்தத் துறை என்பவற்றை அவை சொல்வதில்லை. சொன்னால் வாங்குபவர் நேரே துறைமுகத்துக்குப் போய்விடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். சேர்க்கப்பட்ட உணவோ நல்ல வழிகாட்டியோ இருந்தால் அதற்குரிய விலையை வாங்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. கையிலிருக்கும் பாஸே போதும் என்பதை மறைத்து அதே இருக்கையை இரண்டாம் முறை விற்பதை வணிகம் என்று நான் ஏற்கமாட்டேன்.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரைன் அருவியின் அடியில் பாறைக்குக் கொண்டுபோகும் சிறு படகுகள் தனியார் சேவை. அவற்றுக்குத் தனியே பணம் கொடுக்கத்தான் வேண்டும், அது ஏமாற்று அன்று. அருவியின் லாவ்ஃபன் கோட்டைப் பக்கத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, எதிரே நொய்ஹவுசன் பக்கத்தில் இல்லை.

கேள்வி: லுசேர்ன் ஏரியோரத்து ரூட்லிப் புல்வெளியில் கடைசிக் கப்பலைத் தவறவிட்டோம். மஞ்சள் வழிகாட்டிப் பலகை காட்டிய நேரத்தை நம்பித்தான் பௌவனிலிருந்து நடந்தோம். தனியார் மோட்டார்ப் படகுக்கு 140 பிராங்க் செலவாயிற்று. யாரிடம் இழப்பீடு கேட்பது?

பதில்: யாரிடமும் கேட்க முடியாது. பலகையிலுள்ள நேரம் நடக்கும் நேரம் மட்டுமே. சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் என்ற கணக்கில், ஓய்வைச் சேர்க்காமல் தரப்படுவது. நீங்கள் சேலிஸ்பேர்க் மேட்டில் ஏறி இறங்கி, வழியில் உணவு உண்டு, சிறு பிள்ளைகளோடு வந்ததாக முழுக் கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். ரூட்லிக்குப் பொது வாகனப் பாதை இல்லை. இலையுதிர் காலத்தில் கப்பல்கள் குறையும் என்பதை அட்டவணை முன்கூட்டியே சொல்லியிருந்தது. காலையில் புறப்படுமுன் கடைசிக் கப்பலின் நேரத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கேள்வி: ரயிலுக்கு மலிவான சேமிப்புச் சீட்டு வாங்கினேன். கப்பல் தாமதமாக வந்ததால் அல்ல, நாங்கள் கோப்பி குடிக்கப் போனதால் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் அதே சீட்டு செல்லாது என்றார்கள்.

பதில்: செல்லாது. அந்தச் சீட்டு குறித்த ரயிலுக்கு மட்டுமே உரியது. அதனால்தான் அது மலிவு.

கேள்வி: ஐந்தாண்டுகளுக்கு முன் தள்ளுபடியில் வாங்கிய மலைநடைச் சப்பாத்தை இரண்டே முறை அணிந்தேன். இரண்டாம் முறை அடிப்பாகம் முழுவதும் கழன்று வந்துவிட்டது. பயன்படுத்தாத பொருள் எப்படிப் பழுதாகும்? கடைக்காரர் உத்தரவாதம் முடிந்தது என்கிறார்.

பதில்: கடைக்காரர் சொல்வது சட்டப்படி சரி. பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டாண்டுகள்தான் சட்டம் தரும் உத்தரவாதம். ஆனால் விற்கும்போது அவர் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பல மலைநடைச் சப்பாத்துகளின் நடு அடித்தளம் பொலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் ஆண்டுக்கணக்கில் அதனுள் புகுந்து அதைச் சிதைக்கிறது. அணிந்து நடப்பதைவிட, ஈரமான நிலவறையில் பெட்டிக்குள் பூட்டி வைப்பதே அதற்குக் கேடு.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். இருப்பு ஒழிப்பு விற்பனையில் ஒரே அளவில் இரண்டு சோடி வாங்கி, ஒன்றை ஆறாண்டு நிலவறையில் வைத்திருந்தேன். அதை முதல்முறை அணிந்து போனது கீஸ்பாக் அருவியிலிருந்து இசெல்ட்வால்டுக்குப் பிரியன்ஸ் ஏரியோரம் போகும் பாதையில். ஒன்றரை மணி நேர நடையான அதில் பாதி வழியில் வலது காலின் அடிப்பாகம் வாய் பிளந்தது. சப்பாத்துக் கயிற்றை அடிவழியே சுற்றிக் கட்டிக்கொண்டு, வேர்களும் ஈரக் கற்களும் நிறைந்த பாதையில் மிச்ச வழியை நடந்தேன். அது மலையுச்சியில் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பின்னர் பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆகவே தள்ளுபடியில் வாங்கும்போது சப்பாத்து எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கேளுங்கள். பலவற்றில் நாக்கின் உட்புறத்துச் சீட்டில் அது இருக்கும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அடித்தளத்தின் பக்கவாட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் அணியாதீர்கள். மேற்தோல் நன்றாக இருந்தால் வீசிவிடவும் வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் புதிய அடித்தளம் பொருத்தித் தருகிறார்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய மழைச்சட்டையின் நிறம் பிடிக்கவில்லை. 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டப்படி உரிமை உண்டுதானே?

பதில்: ஜெர்மனியில் உண்டு, சுவிற்சர்லாந்தில் இல்லை. இங்கே 14 நாளுக்குள் விலகிக்கொள்ளும் உரிமை வீட்டு வாசலிலும் தொலைபேசியிலும் செய்த 100 பிராங்குக்கு மேற்பட்ட விற்பனைகளுக்கே. இணையக் கடையின் நிபந்தனையில் திருப்பி ஏற்பதாக எழுதியிருந்தால் மட்டுமே கேட்கலாம். அதை வாங்கிய பிறகு தேடுவதில் பயனில்லை.

கேள்வி: இலண்டனிலிருந்து வந்தபோது கப்பல் உணவகத்தில் அட்டை இயந்திரம் பவுணிலா பிராங்கிலா என்று கேட்டது. எது நல்லது?

பதில்: எப்போதும் பிராங்க்.

கேள்வி: எங்களுக்கு அறுபது வயது கடந்துவிட்டது, இருவருக்கும் முழங்கால் வலி. விலையுயர்ந்த மலை ரயில் வேண்டாம். கொடுக்கும் காசுக்கு நிறைவான ஒரு நாளைச் சொல்லுங்கள். நீராவிக் கப்பலில் முதல் வகுப்பு எடுப்பது பயனுள்ளதா?

பதில்: காலையில் லுசேர்னிலிருந்து, லுசேர்ன் ஏரியின் தென்கிளையான ஊரி ஏரிப் பக்கம் போகும் கப்பலில் ஏறிப் பௌவனில் இறங்குங்கள். எல்லாக் கப்பல்களும் அங்கே நிற்பதில்லை என்பதால் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிஸ் தேசியப் பாடலுக்கு இசையமைத்த அல்பெரிக் ஸ்விசிக் பிறந்த சிற்றூர் அது. அங்கிருந்து ஃபுளூலன் வரை ஏறத்தாழ 10 கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை. நீங்கள் நடப்பது 'சுவிஸ் பாதை'யின் ஒரு பகுதி. கூட்டாட்சியின் 700ஆம் ஆண்டு நிறைவுக்காக 1991இல் திறக்கப்பட்ட இந்த 35 கிலோமீற்றர் பாதையை, நாட்டில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் 5 மில்லிமீற்றர் என்ற கணக்கில் மாநிலங்களுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். முடிவில் ரொய்ஸ் ஆறு ஏரியில் கலக்கும் கழிமுகத்தில், கொட்ஹார்ட் சுரங்கத்தில் தோண்டிய கற்களைக் கொட்டி உண்டாக்கிய சிறு தீவுகள் இருக்கின்றன. ஃபுளூலனிலிருந்து ரயிலில் திரும்பலாம். முழங்கால் இடங்கொடுக்காவிட்டால், வழியில் இஸ்லேட்டனிலேயே நடையை முடித்துக்கொள்ளலாம், அங்கே பேருந்து உண்டு. மலையடிவாரப் பாதை கற்சரிவினால் மூடப்படுவதுண்டு, ஆகையால் முதல்நாள் மாலையில் பாதையின் நிலையைப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் வாங்க வேண்டாம். ஊர்களின் நீரூற்றுகளில், குடிநீர் அன்று என்ற பலகை இல்லாத இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பைப் பொறுத்தவரை, லுசேர்ன் ஏரியில் 1901இல் கட்டப்பட்ட 'ஊரி' முதல் 1928இல் கட்டப்பட்ட 'ஷ்டட் லுசேர்ன்' வரை ஐந்து துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல்கள் ஓடுகின்றன. அவற்றில் மேல்தளம் முதல் வகுப்பு. காற்றும் நிழலும் இருக்கையும் அங்கே பெரும்பாலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முழங்கால் வலியோடு நிற்க வேண்டி வந்தால் அந்த மேலதிகப் பணம் வீணன்று. வாரநாளில் போனால் இரண்டாம் வகுப்பே போதும். பளபளக்கும் எஃகுத் தண்டுகள் சுழல்வதைப் பார்க்கும் இயந்திர அறையின் திறந்த விளிம்பு கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது, அங்கே நிற்க யாரும் காசு கேட்பதில்லை.