பெரியவர்கள் சொன்னால் அதிபர் கேட்பாரா?

கானா நாட்டின் தலைமை நீதிபதி 2025 செப்டம்பர் 1 அன்று பதவி நீக்கப்பட்டதைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். அதில் போகிற போக்கில் குறிப்பிட்ட ஓர் ஆலோசனை மன்றத்தைப் பற்றியே கேள்விகள் அதிகம் வந்திருப்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

மன்னார்குடி வாசகர்: 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டுடன் கலந்தாலோசித்த பிறகு' என்று எழுதியிருந்தீர்கள். நம் மாநிலங்களவைக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய இதே பெயர்தானே? கானாவிலும் அது மேலவைதானா?

பெயரில்தான் ஒற்றுமை. கானா நாடாளுமன்றத்துக்கு ஓர் அவை மட்டுமே உண்டு, மேலவை கிடையாது. கவுன்சில் ஆஃப் ஸ்டேட் என்பது அதிபருக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே 1992-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு ஏற்படுத்திய மன்றம். அது சட்டம் இயற்றுவதில்லை, வரி விதிப்பதில்லை, அமைச்சரவையைக் கவிழ்க்கவும் அதனால் முடியாது. ஒரு மசோதாவைப் பற்றி அதிபர் கருத்துக் கேட்டால் சொல்லும். தேர்தல் ஆணையம் போன்ற அமைப்புகளுக்கு ஆட்களை நியமிக்கும்போது தன் கருத்தை முப்பது நாள்களுக்குள் தெரிவிக்கும். 1969, 1979 ஆகிய இரு அரசமைப்புச் சட்டங்களிலும் இதே பெயரில் மன்றம் இருந்தது. முதலாவது 1972 ஜனவரியில் நடந்த ராணுவப் புரட்சியோடு போயிற்று. இரண்டாவது 1981-ஆம் ஆண்டின் கடைசி நாளில் விமானப்படை அதிகாரி ராலிங்ஸ் ஆட்சியைக் கைப்பற்றியபோது போயிற்று. 1993 ஜனவரி 7 அன்று பிறந்த நான்காம் குடியரசின் மன்றம்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இப்போது உறுப்பினர்கள் 31 பேர். முன்னாள் தலைமை நீதிபதி ஒருவர், முன்னாள் முப்படைத் தளபதி ஒருவர், முன்னாள் காவல்துறைத் தலைவர் ஒருவர் ஆகிய மூவரையும், இவர்களைத் தவிர பதினொரு பேரையும் அதிபர் நாடாளுமன்றத்தைக் கலந்துகொண்டு நியமிக்கிறார். பாரம்பரியத் தலைவர்களின் தேசிய அவைக்குத் தலைவராக இருப்பவர் அப்பதவியின் பேரிலேயே உறுப்பினராகிவிடுவார். எஞ்சிய 16 பேர் பிராந்தியத்துக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2018 டிசம்பரில் நடந்த பொது வாக்கெடுப்புக்குப் பிறகு ஆறு புதிய பிராந்தியங்கள் உருவாயின. அதற்கு முன் பிராந்தியங்கள் பத்துதான். அன்றைய 25 உறுப்பினர்களில் அதிபர் நியமித்தவர்கள் 14 பேர், அதாவது பெரும்பான்மையினர். இன்றைய 31 பேரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 16 பேர், அதாவது ஒரே ஒரு தலை கூடுதல். மன்றத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. பிராந்திய எல்லைகளைப் புதிதாக வரைந்தபோது தானாக நேர்ந்த மாற்றம் இது.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஆப்பிரிக்க நாடுகளில் ஊர்த் தலைவர் பெரியவர்களைக் கேட்டுத்தான் எதையும் செய்வார் என்று படித்திருக்கிறேன். அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான் இந்த மன்றமா?

தொடர்ச்சி என்றுதான் அங்குள்ளவர்களும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி மட்டுமே சரியாகப் படுகிறது.

கானாவின் அகான் மக்களிடையே பாரம்பரியத் தலைவர் நேரடியாகச் சபையோடு பேசுவதில்லை. அவர் சொல்வதைச் சபைக்கும், சபை சொல்வதை அவருக்கும் எடுத்துச் சொல்ல 'ஒச்சியாமே' எனப்படும் உரைப்பாளர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். பொன் தகடு வேய்ந்த உச்சியை உடைய கோல் ஒன்று அவர் கையில் இருக்கும். அந்த உச்சியில் ஒரு பழமொழியைச் சிற்பமாகச் செதுக்கியிருப்பார்கள். அவற்றுள் பெயர்பெற்றது, ஒரு கை முட்டையைப் பிடித்திருக்கும் உருவம். அதிகாரமும் முட்டையைப் போன்றதுதான். இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும். தலைவர் பேச வாயெடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முட்டை கூட்டத்தார் அனைவர் கண்ணிலும் படும்படி நிற்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த செய்தி.

வழக்கை விசாரிக்கும் பெரியவர்கள், முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில், 'கிழவியைக் கேட்டுவிட்டு வருகிறோம்' என்று சொல்லி எழுந்து தனியிடம் போவார்கள். அங்கே கிழவி யாரும் காத்திருக்க மாட்டாள். தங்களுக்குள் கலந்து பேசி, ஒரே குரலாகத் திரும்பி வருவதற்குத்தான் அந்தப் பெயர். முதிய பெண்ணின் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. தலைவருக்குரிய பீடத்தில் அமரப் போகிறவரின் பெயரை முன்மொழிவதும் அரசித்தாய் என்ற பதவியிலுள்ள பெண்மணிதான்.

அந்தப் பெரியவர்களின் சொல்லுக்கு எங்கிருந்து பலம் வந்தது என்பதுதான் முக்கியம். முன்மொழியப்பட்டவரை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இருந்தது. பீடத்தில் அமர்ந்தவர் அவர்கள் பேச்சை மதிக்காமல் நடந்தால், குற்றச்சாட்டைச் சபையில் வைத்து அவரைப் பீடத்திலிருந்து இறக்கவும் அவர்களால் முடிந்தது. இன்றைய மன்றத்தில் இது தலைகீழாகிவிட்டது. ஏறத்தாழப் பாதிப் பேரை அமர்த்துகிறவரே அதிபர். அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலம் முடியும்போது உறுப்பினர்களின் காலமும் முடிந்துவிடுகிறது. அவர் போனால் இவர்களும் போக வேண்டியதுதான். பெரியவர்கள் என்ற மரியாதை பழைய சபையிலிருந்து வந்து சேர்ந்தது, பல் மட்டும் வரவில்லை.

தேர்தல் மூலம் வருகிற 16 பேர் அந்தக் குறையை ஈடுசெய்வார்களே என்று நீங்கள் கேட்கலாம். பிராந்தியத்திலுள்ள ஒவ்வொரு மாவட்ட மன்றமும் இரண்டு பேரை அனுப்ப, அவர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதுதான் முறை. அஷாந்தி பிராந்தியத்தில் 43 மாவட்டங்கள் இருப்பதால் வாக்காளர்கள் மொத்தமே 86 பேர். ஒரு கல்யாண மண்டபத்தின் முதல் பந்திக்குக்கூடப் போதாத கூட்டம். 2025 பிப்ரவரி 11 அன்று குமாசி நகரில் அந்தத் தேர்தல் நடந்தபோது ரவுடிகள் உள்ளே புகுந்து வாக்குப்பதிவுப் பொருள்களை நாசம் செய்ததால், அங்கு மட்டும் தேர்தலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதிகாரமே இல்லாத மன்றம் என்று அதை முற்றாக ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு இந்தச் சம்பவத்தை நினைவூட்டுவேன். ஒன்றுக்கும் உதவாத நாற்காலிக்காக யாரும் அடியாள் அனுப்புவதில்லை.

சேலம் வழக்கறிஞர்: அதிபர் இந்த மன்றத்தின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவரா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

ஒரே சொல்லில் முடியாது என்பது கேட்ட உங்களுக்கே தெரியும். கானாவின் அரசமைப்புச் சட்டம் இரண்டு தொடர்களை மாற்றி மாற்றிக் கையாள்கிறது. ஒன்று 'ஆலோசனையின்படி செயல்பட்டு', மற்றொன்று 'கலந்தாலோசித்து'. நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்வதற்கு 31-ஆவது பிரிவு முதல் தொடரையே பயன்படுத்துகிறது. தலைமை நீதிபதியை நியமிக்கும் 144-ஆவது பிரிவில் இருப்பது இரண்டாவது தொடர். ஆனால் அங்கே நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் தேவை.

இரண்டும் ஒரே பிரிவுக்குள் அருகருகே நிற்பதைக் காண வேண்டுமானால், தலைமை நீதிபதியின் நீக்கத்தைப் பற்றிய 146-ஆவது பிரிவைப் படியுங்கள். நீக்கக் கோரும் மனு வந்தால், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் வேறு மூவரும் கொண்ட விசாரணைக் குழுவை அதிபர் மன்றத்துடன் 'கலந்தாலோசித்து' அமைக்க வேண்டும். அந்த மூவர் வழக்கறிஞர்களாகவோ நாடாளுமன்ற உறுப்பினர்களாகவோ இந்த மன்றத்தைச் சேர்ந்தவர்களாகவோ இருக்கக் கூடாது. விசாரணை முடியும்வரை தலைமை நீதிபதியை இடைநீக்கம் செய்வதற்கோ மன்றத்தின் 'ஆலோசனையின்படி' நடக்க வேண்டும். கடைசியில் நீக்குவதா வேண்டாமா என்பதில் விசாரணைக் குழுவின் பரிந்துரையே அதிபரைக் கட்டுப்படுத்தும். அந்தக் கட்டத்தில் மன்றத்துக்கு வேலை இல்லை. 2025-இல் அதிபர் மஹாமா நடந்ததும் இந்த வரிசைப்படிதான். தலைமை நீதிபதி கெர்ட்ரூட் டோர்கோர்னூவுக்கு எதிரான மூன்று மனுக்கள் மன்றத்தின் பார்வைக்குப் போயின, ஏப்ரல் 22 அன்று அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார், விசாரணைக்குப் பின் செப்டம்பரில் நீக்கப்பட்டார்.

ஆக, சொல்லளவில் பார்த்தால் சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு, சில இடங்களில் கேட்டுக்கொள்வதோடு சரி. நம் நாட்டில் 'கலந்தாலோசித்து' என்ற இந்த ஒரு சொல்லே 1993-இல் உச்ச நீதிமன்றத்தின் கையில் ஏறத்தாழ 'இசைவு பெற்று' என்ற பொருளை எட்டி, நீதிபதிகள் நியமனத்தையே மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்தின் வசம் கொண்டுபோய்ச் சேர்த்ததை நீங்கள் எனக்கு எடுத்துச் சொல்லலாம். கானாவில் அந்தச் சொல் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. மன்றத்தின் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால், பெரியவர்கள் அதிபரை இடித்துரைத்தார்களா, தலையாட்டிவிட்டு வந்தார்களா என்பதை வெளியில் இருப்பவர்கள் ஊகிக்கத்தான் வேண்டும். பொதுமக்களை அனுமதிக்க மன்றத்துக்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ஆனால் மூடிய கதவே அங்கு விதியாகவும் பழக்கமாகவும் இருக்கிறது.

கோவில்பட்டி வாசகி: ஆலோசனை சொல்லச் சம்பளம் உண்டா?

உண்டு, அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உயர் பதவியினரின் ஊதியத்தைப் பரிந்துரைக்க ஐந்து பேருக்கு மிகாத குழு ஒன்றை, மன்றத்தின் ஆலோசனையின்படி அதிபர் நியமிக்கிறார் என்கிறது 71-ஆவது பிரிவு. அதிபர், அமைச்சர்கள், மன்ற உறுப்பினர்கள் ஆகியோரின் ஊதியத்தை நாடாளுமன்றம் முடிவு செய்வதும் அதே குழுவின் பரிந்துரையை வைத்துத்தான். ஆக, தங்கள் சம்பளத்தைப் பரிந்துரைக்கப் போகிறவர்கள் யார் என்பதில் இந்தப் பெரியவர்களின் வாய்ச்சொல்லும் சேர்ந்திருக்கிறது.

மாதச் சம்பளம் போக, பதவிக்காலம் முடிந்ததும் ஒரு பெருந்தொகை தனியாக வரும். அசோக்லி மக்களின் தலைவரான டோக்பே அஃபெடே, பாரம்பரியத் தலைவர்கள் அவையின் தலைவர் என்ற முறையில் மன்றத்தில் இருந்தவர். தம் கணக்கில் வந்து சேர்ந்த 3,65,392 சேடியை (சேடி கானாவின் நாணயம்) 2022-இல் அவர் அரசுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். எப்போதாவது கூடும் பகுதிநேர வேலைக்கு மாதாமாதம் சம்பளம் வாங்கிய பிறகு இதையும் வாங்குவது முறையல்ல என்பது அவர் சொன்ன காரணம். அந்தச் செய்தி நாட்டையே பேச வைத்தது. மற்றவர்களுக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

புதுக்கோட்டை வாசகர்: ஓய்வுபெற்ற அதிகாரிகளைத் தவிர அங்கே வேறு யாருக்காவது இடம் உண்டா?

ஒரு கவிஞரே தலைவராக இருந்திருக்கிறார். எவே மொழியின் ஒப்பாரிப் பாடல்களை ஆங்கிலக் கவிதைக்குள் கொண்டுவந்த கோஃபி அவூனோர்தான் அவர். 1975-இன் இறுதியில் ராணுவ அரசு அவரைச் சிறையில் தள்ளிப் பல மாதங்கள் வைத்திருந்தது. பின்னர் தூதராகப் பணியாற்றி, 2009 முதல் 2013 தொடக்கம்வரை இந்த மன்றத்துக்குத் தலைமை தாங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று, இலக்கிய விழா ஒன்றுக்காக நைரோபி சென்றிருந்தவர், வெஸ்ட்கேட் வணிக வளாகத் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

சிங்கப்பூர் வாசகர்: எங்கள் அதிபருக்கும் ஆலோசகர் மன்றம் இருக்கிறது. இரண்டில் எது மேல்?

உங்களுடையதில் உறுப்பினர்கள் எட்டுப் பேர்தான். மூவரை அதிபர் தாமே தேர்ந்தெடுக்கிறார், மூவரைப் பிரதமர் பரிந்துரைக்கிறார், தலைமை நீதிபதியும் அரசுப் பணி ஆணையத் தலைவரும் ஆளுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கிறார்கள். முதல் முறை வருகிறவருக்கு ஆறாண்டுக் காலம். அதனால் புதிய அதிபர் பதவியேற்கும்போது, தம்மால் நியமிக்கப்படாத, தமக்குக் கடன்படாத ஆட்கள் மேசையைச் சுற்றி ஏற்கெனவே அமர்ந்திருப்பார்கள். கூட்டம் அங்கும் மூடிய அறைக்குள்தான். ஆனால் ஆலோசனைக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது. மன்றத்தின் கருத்துக்கு மாறாக அதிபர் வரவுசெலவுத் திட்டத்துக்கு இசைவு மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அதைக் கடந்துவிடலாம். மன்றம் அதிபர் பக்கம் நின்றால் அந்த வழி அடைபட்டுவிடும்.

2009-இல், உலகப் பொருளாதாரச் சரிவின்போது, முந்தைய அரசுகள் சேர்த்துவைத்த கையிருப்பிலிருந்து 490 கோடி வெள்ளி எடுக்க அரசு அனுமதி கேட்டது. கேட்கப்பட்டவர் அதிபர் எஸ்.ஆர். நாதன், அவர் கலந்தாலோசித்த மன்றத்தின் தலைவர், கிள்ளானில் பிறந்த ஜே.ஒய். பிள்ளை. அனுமதி கிடைத்தது. அதே பிள்ளைதான் 2017 செப்டம்பரில், டோனி டானின் பதவிக்காலம் முடிந்து ஹலிமா யாக்கோப் பொறுப்பேற்கும்வரை, இரண்டு வாரம் தற்காலிக அதிபராகவும் இருந்தார்.

எது மேல் என்று கட்டாயம் சொல்ல வேண்டுமென்றால், உறுப்பினர்களின் காலத்தை அதிபரின் காலத்தோடு முடிச்சுப் போடாத உங்கள் ஏற்பாட்டுக்கே என் வாக்கு. ஆனால் கானாவின் வடகோடியில் வறண்ட சவானாவில் இருக்கிற ஒரு பிராந்தியமும் தன் ஆள் ஒருவரை அதிபரின் எதிரே அமர்த்த முடிகிறது. எட்டுப் பேரும் தலைநகரத்துக்காரர்களாகவே அமைந்துவிடுகிற நகர நாட்டில் அதற்குத் தேவை எழவில்லை.