பீர் வீசியதற்கு செக்‌ஷன் 20 வழக்கா?

கேள்வி: என் தம்பி இங்கிலாந்தில், லெஸ்டரில் எம்.எஸ்சி. படிக்கிறான். கூடத் தங்கியிருக்கும் நண்பனோடு வாய்த்தகராறு முற்றி, கையிலிருந்த பீரை அவன் மேல் வீசியிருக்கிறான். கண்ணாடி டம்ளரும் கைநழுவிப் போய், நண்பனின் கன்னம் கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். தம்பியைக் கைது செய்து, செக்‌ஷன் 20 என்று குற்றம் சாட்டி, ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். காயப்படுத்த நினைக்காதவனுக்கு இவ்வளவு பெரிய பிரிவா? நண்பனின் அப்பா கோவையில்தான் இருக்கிறார். அவரிடம் பேசி வழக்கை வாபஸ் வாங்க வைக்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த அப்பாவுக்கு போன் செய்யாதீர்கள். வீட்டில் வேறு யாராவது பேசக் கிளம்பினாலும் தடுத்துவிடுங்கள். இத்தகைய வழக்குகளில் புகார் கொடுத்தவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புகொள்ளக் கூடாது என்பது வழக்கமான ஜாமீன் நிபந்தனை. தம்பி சொல்லி நீங்கள் பேசினாலும் அது மறைமுகத் தொடர்புதான். பேச்சில் கொஞ்சம் அழுத்தம் தெரிந்தால், சாட்சியை மிரட்டியதாகத் தனி வழக்கே வரலாம். நம் ஊரில் சிறு காய வழக்குகளை சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டமே வழிவிடுகிறது. இங்கிலாந்தில் வழக்கு நடத்துவது அரசு. நண்பன் மன்னித்துவிட்டதாலேயே வழக்கு முடிந்துவிடாது.

இனி தம்பியின் நிலைமை. காயம் படாமல் பீரை மட்டும் வீசியிருந்தாலும் அங்கே அது குற்றம்தான். சம்மதமில்லாமல் ஒருவர் மேல் கை பட்டாலும், எதையாவது ஊற்றினாலும் ‘காமன் அசால்ட்’ என்ற வகைக்குள் வரும். காயமே தேவையில்லை. அடி விழப்போகிறது என்று எதிராளியை அஞ்ச வைத்தாலே போதும். அதிகபட்சம் 6 மாதச் சிறை. அவன் திட்டினான், அதனால் வீசினேன் என்பது எதிர்வாதமாக நிற்காது.

அதற்கு மேலே உள்ள பிரிவுகள், உடல் தீங்குக் குற்றங்களுக்கான 1861-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருபவை. செக்‌ஷன் 47 என்பது ஏ.பி.எச்.: அற்பமல்லாத உடல் தீங்கு. 2006-இல் ஒரு பெண்ணின் சம்மதமில்லாமல் அவர் கூந்தலை வெட்டியதையே இதில் சேர்த்தது நீதிமன்றம். செக்‌ஷன் 20-க்கு மிகக் கடுமையான தீங்கு வேண்டும், அல்லது தோலின் எல்லா அடுக்குகளும் கிழிந்த காயம் வேண்டும். கடுமையான தீங்கு விளைவிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடே செய்தால் அது செக்‌ஷன் 18. அதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். உங்கள் தம்பி விஷயத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை.

தையல் போட்ட வெட்டு என்பதால் செக்‌ஷன் 20-இல் ‘காயம்’ என்ற பாதி நிரூபணமாகிவிடும். மீதிப் பாதியில்தான் உங்கள் தம்பிக்கு வழி இருக்கிறது. வீசிய கணத்தில், கொஞ்சமாவது உடல் தீங்கு நேரலாம் என்று அவனுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் செக்‌ஷன் 20 நிற்கும். தோன்றவில்லை என்றால் நிற்காது. செக்‌ஷன் 47-க்கோ அந்த எண்ணமே தேவையில்லை. வேண்டுமென்றே பீரை வீசினான், அதனால் தீங்கு நேர்ந்தது, அவ்வளவு போதும்.

ஏறக்குறைய இதே சம்பவம், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போயிருக்கிறது. பப்பில் ஒரு பெண் இன்னொருத்தி மேல் பீரை வீச, கிளாஸ் கைநழுவி உடைந்து அந்த இன்னொருத்தியின் மணிக்கட்டை வெட்டியது. சாவேஜ் வழக்கு என்பார்கள். 1991-இல் வந்த தீர்ப்பு: செக்‌ஷன் 20 நிற்கவில்லை, செக்‌ஷன் 47 நின்றது. தம்பியின் வக்கீலுக்கு இந்த வழக்கு தெரியாமல் இருக்காது. ஆனாலும் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘குடித்திருந்ததால் எதுவும் தோன்றவில்லை’ என்று அவன் சொன்னால் எடுபடாது. நிதானத்தில் இருந்திருந்தால் தோன்றியிருக்குமா என்றுதான் பார்ப்பார்கள்.

செக்‌ஷன் 47, 20 இரண்டுக்கும் அதிகபட்சத் தண்டனை ஒரே 5 ஆண்டுதான். கனத்தில் வேறான இரண்டு குற்றங்களுக்கு ஒரே உச்சவரம்பு வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தச் சட்டத்தையே மாற்றி எழுதச் சொல்லி 2015-இல் சட்ட ஆணையம் அறிக்கை கொடுத்தது, பாராளுமன்றம் இன்னும் செய்யவில்லை. ஆனால் தண்டனை வழிகாட்டுதல்களில் செக்‌ஷன் 47 இலேசானது. கண்ணாடியை ஆயுதமாக்கினானா, கைதவறியதா என்பதும் தண்டனையைப் பெரிதும் மாற்றும்.

அதனால் நான் அங்கே நின்றால், செக்‌ஷன் 20-ஐ மறுத்து, செக்‌ஷன் 47-ஐ ஒப்புக்கொள்ள முன்வருவதாக அரசுத் தரப்புக்கு எழுதுவேன். கிளாஸ் கைநழுவியது என்பதை எழுத்தில் சேர்ப்பேன். சிறிய வெட்டுகளை செக்‌ஷன் 47-இல் பதிய வேண்டும் என்பது அரசு வழக்குத் துறையின் சொந்த வழிகாட்டுதல். காயத்தின் படங்களும் மருத்துவக் குறிப்பும் அதற்கு உதவலாம். முதல் விசாரணையிலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். ஆகவே அந்தத் தேதிக்கு முன்பே வக்கீலோடு உட்கார வேண்டும்.

எதையும் ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த வக்கீலையும் பார்க்கச் சொல்லுங்கள். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விழுந்தால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு கடத்தல் உத்தரவு வரும். அதைவிடக் குறைந்த தண்டனையும் அடுத்த விசா விண்ணப்பத்தைப் பாதிக்கலாம்.