பொத்தியாரின் கோபம்

அன்புள்ள ஐயா,

என் கல்லூரித் தோழன் சென்ற ஆண்டு மாரடைப்பில் இறந்துபோனான். முப்பது ஆண்டுப் பழக்கம். முதலாண்டு நினைவுநாளுக்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறோம். என்னிடம் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள். 'அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற வரிக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. அவன் என்னிடம் வாங்கிய நாற்பதாயிரம் ரூபாயைத் திருப்பித் தரவில்லை. அதைக் கேட்டதிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவும் இல்லை. இதையெல்லாம் எழுதலாமா? இறந்தவர்களைப் பற்றி நல்லதைத்தானே சொல்ல வேண்டும்? பிசிராந்தையார், கோப்பெருஞ்சோழன் போன்ற நட்பு இந்தக் காலத்தில் சாத்தியமா? துக்கத்திலிருந்து மீள நல்ல புத்தகங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

செ., கரூர்

அன்புள்ள செ.,

சில வாரங்களாகப் புறநானூற்றின் 220 முதல் 223 வரையுள்ள நான்கு பாடல்களை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் 'நினைவு மலர்' என்று படித்ததுமே மூடி வைத்திருப்பேன்.

முதலில் புத்தகம். அப்படி எந்தப் புத்தகத்தையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மீள்வதற்கு என்ன அவசரம்? ஓராண்டுதானே ஆகிறது.

அடுத்து அந்த வரி. உங்கள் தோழனை வாழ்நாளில் ஒருமுறையாவது 'அன்னார்' என்று சொல்லியிருப்பீர்களா? 'டேய்' என்று கூப்பிட்டவனைச் செத்த மறுநாளே அன்னார் ஆக்கிவிடுகிறோம். அந்த வரியை வட்டச் செயலாளருக்கும் போடலாம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் போடலாம். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். அச்சகக் கணினியில் அது எப்போதும் தயாராக இருக்கும். நீங்கள் எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்களே அதைப் போட்டுப் பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். அதற்கு முப்பது ஆண்டு பழகியவர் எதற்கு?

பிசிராந்தையாருக்கு வருகிறேன். எல்லோரும் அவரையேதான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் அவர்தான் இருக்கிறார். பாண்டிய நாட்டில் இருந்துகொண்டு சோழனைப் பார்க்காமலே நேசித்தார். அவன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, தேடி வந்து உடன் உயிர்விட்டார். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பார்க்காத நண்பனோடு என்ன சண்டை வரப்போகிறது? அவனுக்கும் இவருக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டா, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டது உண்டா? உறையூரில் சோழனோடு கூடவே இருந்த புலவர் பொத்தியார். நான் சொன்ன நான்கு பாடல்களும் அவருடையவை. அவர் பெயரைச் சொன்னால் தமிழ் எம்.ஏ. படித்தவர்களே சற்று யோசிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன்கள் இருவரும் படை திரட்டி எதிர்த்து வந்தார்கள். சோழன் போருக்குக் கிளம்பினான். 'வென்றால் இந்தச் செல்வத்தை யாருக்கு விட்டுவிட்டுப் போவாய்?' என்று கேட்டுத் தடுத்தார் புல்லாற்றூர் எயிற்றியனார். போரை விட்டுவிட்டு வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். பொத்தியாரும் பக்கத்தில் உட்காரத் தயாராகப் போனார். சோழன் சம்மதிக்கவில்லை. 'உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்தபின் வா' என்று திருப்பி அனுப்பிவிட்டான். அதே மனிதன், அதுவரை முகம் பார்த்திராத பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்று சுற்றியிருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறான் (216). பார்க்காதவருக்கு இடம் ஒதுக்கியாயிற்று. கூடவே கிடந்தவரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொத்தியாருக்காக வயிறு எரிகிறது.

அவர் உறையூர் திரும்பினார். ஊர் மன்றம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆண்டாண்டாகச் சோறூட்டி வளர்த்த யானையை இழந்த பாகன், அது நின்ற கட்டுத்தறி பாழாகக் கிடப்பதைக் கண்டு அழுததுபோலக் கலங்கினேன் என்கிறார் (220). அடுத்த பாட்டில் அழுகை நின்றுவிட்டது. சோழனின் உயிரைக் கொண்டுபோன கூற்றத்தை, துயரப்படும் சுற்றத்தையும் சேர்த்துக்கொண்டு வைவோம் வாருங்கள் என்று புலவர்களைக் கூப்பிடுகிறார்: 'வைகம் வம்மோ வாய்மொழிப் புலவீர்.' அதற்கடுத்த பாட்டில் கூற்றத்தையும் விட்டுவிட்டு நேராகச் சோழனிடமே போகிறார். நடுகல்லாக நிற்பவனிடம்:

'புகழ்சால் புதல்வன் பிறந்தபின் வாஎன
என்இவண் ஒழித்த அன்பி லாள!
எண்ணாது இருக்குவை அல்லை;
என்னிடம் யாது?மற்று இசைவெய் யோயே!'

மகன் பிறந்த பிறகு வா என்று என்னை இங்கே விட்டுப்போன அன்பில்லாதவனே, நம் நட்பை நீ நினைக்காமல் இருக்க மாட்டாய், என் இடம் எது, சொல். செத்துக் கல்லாகிவிட்ட அரசனைப் பார்த்து 'அன்பில்லாதவனே' என்கிறார் மனிதர். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. சண்டைக்குப் போகிறார்.

இது ஒருவர் மட்டும் செய்ததென்றால் அவர் சுபாவம் என்று விட்டுவிடலாம். கபிலரும் இதையேதான் செய்தார். பாரி இறந்தபின் அவர் பாடிய 236-ஆம் பாட்டைப் பாருங்கள். 'புலந்தனை ஆகுவை புரந்த ஆண்டே' என்கிறார். என்னை வைத்துப் பேணிய அத்தனை ஆண்டும் உள்ளுக்குள் என்னை வெறுத்துத்தான் இருந்திருக்கிறாய், இல்லாவிட்டால் கூட வருகிறேன் என்றவனை 'நீ இரு' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாயா என்று கேட்கிறார். பாரியை ஊருக்கெல்லாம் வள்ளல் என்று பாடிய அதே வாய். ஊருக்குச் சொல்லும்போது புகழ், அவனிடம் சொல்லும்போது கோபம். மேற்சென்று இடித்துரைப்பதைத்தான் வள்ளுவரும் நட்பின் வேலை என்றார் (784). அந்த வேலைக்கு ஓய்வுபெறும் வயது எதையும் அவர் குறிப்பிடவில்லை.

'என் இடம் எது' என்ற கேள்விக்குத்தான் நான் வந்துகொண்டிருந்தேன்.

எனக்கும் உறையூரில் ஒரு நண்பன் இருந்தான். கைத்தறிச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். சாயங்காலமானால் நாச்சியார் கோயில் பக்கத்துப் படிப்பகத்தில் கேரம். தன் ஸ்டிரைக்கரைப் பழைய பொடி டப்பாவில் வெல்வெட் துணி சுற்றி வைத்திருப்பான், யாரையும் தொட விடமாட்டான். போரிக் பவுடரைத் திருநீறு மாதிரி இரண்டு விரலால் கிள்ளித்தான் தூவுவான். ராணியைப் போட்டுவிட்டு அடுத்த காய் விழாவிட்டால் உடனே பலகை சாய்ந்திருக்கிறது என்பான். பொறுக்க முடியாமல் ஒருநாள் சைக்கிள் கடையிலிருந்து ஒரு பால்ரஸ் குண்டு வாங்கிவந்து பலகை நடுவில் வைத்தேன். அப்படியே நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, 'குண்டு சரியில்லை' என்றான்.

ஒரு தை மாதம் சென்னையில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனான். போனது ஸ்கேன் எடுக்க. கணையத்தில் கட்டி, முற்றிய நிலை. திரும்பி வந்து வழக்கம்போலப் படிப்பகத்துக்கு வந்தான். கல்யாணம் எப்படி என்று கேட்டேன். வத்தக்குழம்பு பிரமாதம், பாயசத்தில்தான் இனிப்புக் குறைவு என்றான். இல்லாத கல்யாணத்தின் இல்லாத பாயசம்! ஆடியில் போய்விட்டான். கடைசி மாதம் வரை எனக்குத் தெரியாது. நீ வருத்தப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை என்று பிறகு அவன் மனைவி சொன்னார். 'மகன் பிறந்தபின் வா' என்பதும் அதே கருணைதான். அந்தக் கருணையைத்தான் பொறுக்க முடியவில்லை, செ. வருத்தப்படுவதற்குத்தானே நண்பன் என்று ஒருவன் இருக்கிறான்? அந்தப் பாயசத்துக்காக அவனை நான் இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாவு வீட்டில் தெருவை அடைத்துப் பந்தல். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அவனுடைய பங்காளி ஒருவர் நின்று எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். பொதுச்சுவர் வழக்கில் அவனோடு பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். மாலையோடு போன என்னைப் பார்த்து, 'நீங்கள் என்ன முறை?' என்று கேட்டார். நண்பன் என்றேன். 'சரி, அப்படி உட்காருங்கள்' என்று பந்தலின் கடைசியில், மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி, நம் சாவுச் சடங்கு முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. நீர்மாலை எடுக்கப் பங்காளி வேண்டும். கோடி போடச் சம்பந்தி வேண்டும். கொள்ளிக்கு மகன், பந்தம் பிடிக்கப் பேரன், பதினாறாம் நாள் உருமால் கட்ட மாமன் மச்சான். ஓயாமாரிச் சுடுகாடு வரை நடந்து போய், எல்லோரோடும் வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டுவிட்டு வந்தால் நண்பனின் உரிமை முடிந்தது. அவனுக்குத் தீட்டும் கிடையாது. மறுநாள் அவன் வேலைக்குப் போகலாம், போய்த்தான் ஆக வேண்டும். விடுப்பு விண்ணப்பத்தில் 'நண்பர் மரணம்' என்று எழுதினால் மேலதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். தீட்டு உள்ளவர்களுக்குப் பதினாறாம் நாள் என்று ஒரு முடிவு உண்டு. இல்லாதவனுக்குத் துக்கம் எந்தத் தேதியில் முடியும்?

அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். மேளச் சத்தத்தில் எதுவும் ஓடவில்லை. 222-ஐப் பிறகு ஒருநாள் படித்தபோதுதான், 'என்னிடம் யாது' என்பதை யாரோ என் சார்பில் எப்போதோ கேட்டுவைத்திருப்பது தெரிந்தது.

பொத்தியாருக்கு 223-இல் இடம் கிடைத்துவிடுகிறது. கல்லான பிறகும் சோழன் தனக்கு இடம் கொடுத்தான் என்று பாடுகிறார். அவரும் அங்கேயே வடக்கிருந்தார். நமக்கு அதெல்லாம் முடியாது, தேவையும் இல்லை. இந்தப் பாடல்களை 1894-இல் அச்சிட்டு நம் கையில் கொடுத்த உ.வே.சாமிநாதையர் இன்னொரு வழி வைத்திருந்தார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், 1880-இல் தாம் விலகியபோது அந்த வேலைக்கு ஐயரைச் சிபாரிசு செய்தார். வயதில் மூத்தவர், ஒரே ஆசிரியரிடம் படித்தவர். ஐயர் பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டுக்குத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்தார். அப்பா பெயரோ குலதெய்வத்தின் பெயரோ இல்லை, வேலை வாங்கிக் கொடுத்தவரின் பெயர். 'என்ன முறை' என்று யாரும் கேட்க முடியாத இடத்தில், வாசலிலேயே வைத்துவிட்டார். உங்களுக்கும் எனக்கும் வீடு கட்டிப் பெயர் வைக்க வசதி இல்லை. இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது. அதைப் போய் அச்சகத்து வரிக்குக் கொடுக்கிறீர்களே என்பதுதான் என் ஆத்திரம்.

கடன் விஷயம் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். நாற்பதாயிரம் என்ற தொகை கடிதத்தில் இருக்கிறது, எதற்காக வாங்கினான் என்பது இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணமா, வீட்டு வாடகை பாக்கியா, யாருக்கோ ஜாமீன் நின்று மாட்டிக்கொண்டானா? எந்த இடத்தில் வைத்துக் கேட்டான், கேட்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்தானா? நீங்கள் திருப்பிக் கேட்டது நேரிலா, போனிலா, என்ன சொல்லிக் கேட்டீர்கள்? அதையெல்லாம் சொன்னால் அவன் தானாக வந்து நிற்பான். அவனைத் திட்ட வேண்டுமென்றால் திட்டியே எழுதுங்கள், பொத்தியாருக்கு இல்லாத நாகரிகம் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் அவன் மனைவியிடம் காட்டிவிடுங்கள். அவருக்கு இந்தக் கடன் தெரியாமலே இருக்கலாம். மலரில் படித்துத் தெரிந்துகொண்டால் வளையலை அடகு வைத்தாவது பணத்தோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அந்தப் பாவம் உங்களுக்கு எதற்கு? வேண்டாம் என்று அவர் சொன்னால் தொகையை எடுத்துவிட்டுச் சண்டையை மட்டும் வையுங்கள். மலர்க்குழுவிடம் இரண்டு பக்கம் போதாது, நான்கு பக்கமாவது வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

அன்புடன்.