விண்வெளியில் தனியார் நிறுவனங்கள் புதிதாக என்ன செய்துவிட்டன?

"நாசா கண்டுபிடித்ததை வைத்துத்தானே ஸ்பேஸ்எக்ஸ் பெயர் வாங்குகிறது, இதில் தனியாரின் சாதனை எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் விண்கலத்தின் வெப்பக் கவசம் நாசா உருவாக்கிய பொருளிலிருந்து வந்ததுதான். ராக்கெட்டைச் செங்குத்தாகத் தரையிறக்குவதையும் 1993லேயே டிசி-எக்ஸ் என்ற சோதனை வாகனம் செய்து காட்டிவிட்டது. ஆனால் அது கொஞ்ச உயரம் போய் இறங்கியது. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் விழுகிற பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் கீழ்ப்பகுதியை, நிறுத்துவது வேறு வேலை.

ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 ராக்கெட்டின் பூஸ்டர் திரும்பி வரும்போது எரிபொருள் ஏறக்குறைய காலி, எடையும் குறைவு. ஒன்பது இன்ஜினில் ஒன்றை மட்டும், அதையும் முடிந்தவரை தணித்து எரித்தால்கூட உந்துவிசை அந்த எடையை மிஞ்சிவிடும். அதனால் ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்தில் நின்று நிதானமாக இறங்க வழியே இல்லை. வேகம் பூஜ்யமாவதும் கால் தரையைத் தொடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் மறுபடி மேலே கிளம்பும், பிந்தினால் மோதல்தான். 2015 ஜனவரியில் திசைதிருப்பும் துடுப்புகளுக்கான ஹைட்ராலிக் திரவம் பாதியில் தீர்ந்து, பூஸ்டர் கடலில் இருந்த மிதவை மேடையில் மோதி வெடித்தது. ஆனால் அன்றைக்கு அனுப்பிய சரக்கு விண்வெளி நிலையத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது! வாடிக்கையாளர் காசு கொடுத்த பயணம் முடிந்தபிறகு, எப்படியும் கடலில் விழப்போகிற பூஸ்டரை வைத்துச் சோதனை. இந்தச் சாமர்த்தியம்தான் என்னைக் கவர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தரையிறக்கிவிட்டார்கள், 2017 மார்ச்சில் ஏற்கெனவே பறந்த பூஸ்டரையே மறுபடி ஏவினார்கள்.

அதற்காகத் தனியார் என்றாலே புதுமை என்று சொல்ல மாட்டேன். நிலவில் இறங்கிய அப்பல்லோ கலத்தைச் செய்ததும் கிரம்மன் என்ற தனியார் நிறுவனம்தான். மாறியது ஒப்பந்த முறை. அப்போதெல்லாம் ஆன செலவு முழுவதும் கொடுத்து, மேலே லாபமும் கொடுப்பார்கள். நாள் கூலிக்கு ஆள் விட்டால் வேலை எப்படி இழுக்கும் என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியுமே. 2006 முதல் நாசா சரக்குப் போக்குவரத்துக்கு, இவ்வளவுதான் தருவோம், ஒவ்வொரு கட்டமாக முடித்துக் காட்டினால்தான் பணம், மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தது.

விண்வெளி வீரர்களை அனுப்பவும் 2014ல் அதே முறைதான்: போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. குறைவாக வாங்கியவர்கள் 2020ல் ஆளை அனுப்பிவிட்டார்கள். போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில்தான் ஆட்களோடு கிளம்பியது, ஹீலியம் கசிந்து, கலத்தைத் திருப்பும் சிறு இன்ஜின்கள் சில மக்கர் செய்து, கடைசியில் காலியாகத் திரும்பியது. அதில் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2025 மார்ச்சில் டிராகனில் வந்து இறங்கினார்கள். இதில் போயிங்குக்கு 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பழைய ஒப்பந்தமாக இருந்திருந்தால் அதுவும் அமெரிக்க மக்களின் வரிப்பணத்திலிருந்துதான் போயிருக்கும்.