மனித மூளையும் ஒரு கம்ப்யூட்டர்தானா?

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷம் முன்னால் கேட்டிருந்தால், "ஆமாங்க, ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் மண்டைக்குள்ளயும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த லேப்டாப்பைக் கழற்றப் போயிருப்பேன்.

அப்புறம்தான் எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. நாம் பேசுவது புரியும், பதில்தான் வாய்க்கு வராது. விரலைக் காட்டி "இது எத்தனைங்க அம்மாயி?" என்றால் உதடு துடிக்கும், கண் கலங்கும். ஆனால் "ஒண்ணு, ரெண்டு" என்று எடுத்துக்கொடுத்தால் பத்து வரைக்கும் கடகடவென்று சொல்லிவிடும். ஏழு என்பதை மட்டும் தனியாகக் கேட்டால் வராது.

ஒரு ராத்திரி தெளிவாக "வெள்ளம்" என்றது. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த சித்தி பதறிப்போய் வாசலை எட்டிப் பார்த்தார்! வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். மலையாளம் அம்மாயிக்குச் சந்தையோடு சரி. "தண்ணி" வராத வாயில் மலையாளத் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மொழிக்காரர்களுக்கு ஒரு மொழி முந்திக்கொண்டு திரும்புவது உண்டு என்றார் டாக்டர்.

ஹார்ட் டிஸ்க்கில் இப்படி நடக்காது. 1945-இல் கணித மேதை வான் நியூமன் எழுதிவைத்த கம்ப்யூட்டர் அமைப்புதான் இன்றும் பெரும்பாலும்: நினைவகம் ஒரு பக்கம், கணக்குப் போடும் இடம் இன்னொரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. ஏழாவது இடத்தில் என்ன என்று கேட்டால் நேராக ஏழுக்கே போகும். மூளையில் அப்படித் தனிக் கிடங்கு கிடையாது. சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றுக்கு இடையிலான இணைப்புகள் இறுகுவதும் தளர்வதும்தான் ஞாபகம், வேலை செய்வதும் அதே இணைப்புகள்தான். வாய்ப்பாடு, பாட்டு, கெட்ட வார்த்தை எல்லாம் பழகித் தேய்ந்த தடம். ஒரு சொல்லைத் தேடி எடுப்பது வேறு வழி. அம்மாயிக்கு அடைபட்டது அந்த வழி.

ஒப்பிடவே கூடாது என்றில்லை. நரம்பணுவும் துடிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். 0, 1 போலத்தான். கரண்ட் பில்லில்தான் கம்ப்யூட்டர் தோற்கிறது: மூளைக்கு 20 வாட் போதும், என் மேசையில் கிடக்கிற எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) 450 வாட்.

இப்போது அம்மாயி ஓரளவு பேசுகிறது. பால்காரர் எத்தனை நாள் வரவில்லை என்று கேட்டால் மட்டும், ஒன்றிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து ஏழில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கும்.