தமனிச் சுவரை விறைப்பான குழாயாக வைத்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டால் போதாதா?

எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதயத் தமனி அடைப்பில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று மட்டும் பார்க்க, பெரும்பாலும் போதும். நாடி அலை (ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் தமனி வழியே ஓடும் அழுத்த அலை) வேண்டுமென்றால் போதாது. விறைத்த குழாயில் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே கணத்தில் மாறிவிடும். நிஜப் பெருந்தமனியில் அந்த அலை இளவயதில் நொடிக்கு சுமார் 5 மீட்டர் ஓடும், முதுமையில் 10-ஐத் தாண்டும்.

சரி, சுவரின் அசைவையும் கணக்கில் சேர்த்துவிடலாமே? தலைவலியே அங்கேதான். ரத்தத்துக்கும் சுவருக்கும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. அதனால் ஒவ்வொரு காலப்படியிலும் (கணக்கில் நேரத்தைப் பிரிக்கும் சிறு துண்டு) ஓட்டத்தை ஒருமுறை, சுவரை ஒருமுறை என்று தனித்தனியாகத் தீர்த்தால் விடை தறிகெட்டு எகிறும். காலப்படியைச் சிறிதாக்கினாலும் அடங்காது. (விமான இறக்கைக்கு இதே வழி எடுபடும், காற்று லேசானது.) தமனிக்கு இரண்டும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டும், அல்லது ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகச் சேர்த்தே தீர்க்க வேண்டும்.