முதலில் கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். இப்போதைக்கு நல்ல பிராசஸர் வாங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கேமில் காட்சியை வரைவது கிராபிக்ஸ் கார்டுதான். பணத்தில் பெரும்பங்கு அதற்கே போகட்டும். பிராசஸருக்கு ரைசன் 5 5600 போல 6 கோர் (கணக்குப் போடும் பகுதி) இருந்தால், 1080பி (ஃபுல் எச்டி) திரைக்குத் தாராளம். ரைசன் 5 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே வராது.

ரேம் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். அப்போதுதான் ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள இரண்டு சேனலும் (பாதையும்) வேலை செய்யும். நான்கு ரேம் ஸ்லாட் இருந்தால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட்டுகளில் செருக வேண்டும். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் பகுதி) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 3200 என்று போட்ட ரேம்கூட 2133 போன்ற குறைந்த வேகத்தில் ஓடக்கூடும்.

பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமானது பழுதானால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். 80 பிளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்துக்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல. வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். கலர் விளக்கெல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்.